மெக்காடத்தின் சாலை

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் உள்ள ஊர் ரெம்பியா. அவ்வட்டாரத் தோட்டப்புறங்களில் இருவகைச் சாலைகளைக் காணலாம். ஒன்று தார்ச்சாலை; மற்றொன்று தோட்டத்திற்குள் செல்லும் செம்மண் சாலை. அடைமழை சில நாள்கள் தொடர்ந்தால் இரண்டும் சோதனைக்கு உள்ளாகும். செம்மண் சாலை சேறாகிவிடும். தார்ச்சாலையில் ஏதோ ஓரிடத்தில் விரிசல் தோன்றும். சில வாரங்களில் அது குழியாகிவிடும். செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் கனத்த லாரிகளே சாலையைக் கெடுத்துவிட்டன என்று பலரும் சொல்வர். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவர் அங்கு வந்து நின்றிருந்தால் முதலில் லாரியைப் பார்த்திருக்க மாட்டார். சாலையோரக் கால்வாயில் நீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா என்றுதான் பார்த்திருப்பார். அவர் பெயர் ஜான் லவுடன் மெக்காடம்.

மெக்காடம் 1756ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் ஆயர் நகரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளைக் கொண்ட குடும்பம் அது. தந்தை ஜேம்ஸ் மெக்காடம் நிலவுடைமையாளர். ஆயர் நகரில் வங்கி ஒன்றையும் தொடங்கியவர். வசதியான வீடு என்றாலும் செல்வம் நிலைக்கவில்லை. மெக்காடம் சிறு குழந்தையாக இருந்தபோது அவர்கள் வாழ்ந்த மாளிகை தீப்பிடித்து எரிந்தது. பள்ளியில் படிக்கும் காலத்திலேயே அவர் சாலையின் மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார் என்று ஒரு கதை உண்டு. பெரியவராகிப் புகழ்பெற்றவர்களைப் பற்றி இத்தகைய கதைகள் பின்னாளில் தோன்றுவது வழக்கம்.

1770இல் தந்தை இறந்தார். பதினான்கு வயதுச் சிறுவனான மெக்காடம் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நியூயார்க்கில் வணிகம் செய்துவந்த தம் சிற்றப்பாவிடம் அனுப்பப்பட்டார். அங்கே கணக்கும் வாணிகமும் கற்றார். இளம் வயதிலேயே பெரும் பொருள் ஈட்டினார். 1778இல் குளோரியானா நிக்கோல் என்பவரை மணந்தார். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திய காலம் அது. மெக்காடம் பிரிட்டிஷ் அரசின் பக்கம் நின்றார். போரில் பிரிட்டன் தோற்றதும் அவருடைய சொத்தில் பெரும்பகுதி பறிமுதலானது. 1783இல் மனைவி மக்களுடன் ஸ்காட்லாந்துக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

கையில் எஞ்சிய பணத்தைக் கொண்டு ஆயர் அருகே நிலம் வாங்கிக் குடியேறினார். அவ்வட்டாரச் சாலைகளைக் கவனிக்கும் பொறுப்பாளர் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. அக்காலத்தில் பிரிட்டனின் முக்கியச் சாலைகள் பலவற்றை இத்தகைய குழுக்களே நடத்தின. சாலையில் ஆங்காங்கே தடுப்புக் கதவு போட்டு, செல்லும் வண்டிகளிடம் சுங்கம் வாங்கி, அப்பணத்தில் சாலையைப் பழுதுபார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. நம் நெடுஞ்சாலைகளில் இன்று செலுத்தும் டோல் கட்டணத்தைப் போன்றதே அது. பணம் வசூலானது, சாலை மட்டும் சீராகவில்லை.

அதற்குக் காரணம் அறிய வேண்டுமானால் அன்றைய சாலை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். பள்ளம் விழுந்த இடத்தில் கைக்குக் கிடைத்த பெரிய கற்களையும் மண்ணையும் களியையும் சேர்த்துக் கொட்டுவார்கள். வண்டிச் சக்கரம் உருண்டைக் கல்மேல் ஏறினால் கல் புரளும். அடுத்த கல் வெளியே தலைகாட்டும். மழை பெய்தால் களிமண் நீரைக் குடித்து ஊறிக்கிடக்கும். அதன் பிறகு வருவது குளிர்காலம். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. சாலைக்குள் ஊறிய நீர் பனிக்கட்டியாகி விரியும்போது மேலே உள்ள கல்லையும் மண்ணையும் தூக்கிப் பிளந்துவிடும். இளவேனிலில் பனிக்கட்டி உருகும். தூக்கி நின்ற சாலைக்குக் கீழே வெற்றிடமும் சேறும் மிஞ்சும். அதன்மேல் முதல் வண்டி ஏறியதும் சாலை உள்வாங்கும். ஒவ்வோர் ஆண்டும் இதே கதை. வண்டிகள் குடைசாய்ந்தன, குதிரைகளின் கால் முறிந்தது.

குற்றம் வண்டிகளுடையது என்றே அரசு கருதியது. சக்கரத்தின் அகலம் இவ்வளவு இருக்க வேண்டும், பாரம் இவ்வளவுதான் ஏற்ற வேண்டும் என்று சட்டத்துக்குமேல் சட்டம் இயற்றியது. சாலைக்கு ஏற்ற வண்டியைத் தேடியவர்கள் வண்டிக்கு ஏற்ற சாலையைப் பற்றி எண்ணவில்லை. மெக்காடம் அங்கேதான் மாறுபட்டார்.

அதற்குள் அவர் வாழ்க்கையில் இன்னொரு சறுக்கல் நேர்ந்தது. அவருடைய தாய்வழி உறவினரான டண்டொனால்டு பிரபு நிலக்கரியைச் சூடாக்கி அதிலிருந்து தார் எடுக்கும் தொழிலைத் தொடங்கியிருந்தார். மரக்கப்பல்களின் அடிப்பகுதியைப் புழு அரிக்காமல் காக்கத் தார் பூசுவார்கள். மெக்காடம் மியூர்கெர்க் என்னும் ஊரில் இருந்த தார்ச் சூளைகளின் பொறுப்பை ஏற்றுத் தம் பணத்தையும் அதில் போட்டார். ஆனால் கடற்படை கப்பல்களின் அடியில் செப்புத் தகடு பொருத்தத் தொடங்கியது. தாருக்கு எதிர்பார்த்த சந்தை இல்லை. தொழில் நொடித்தது. சாலைகளைப் பற்றி இரவும் பகலும் சிந்தித்த மனிதர், கையில் தாரை வைத்துக்கொண்டிருந்தும் அதைச் சாலையில் ஊற்றிப் பார்க்க எண்ணவே இல்லை. வரலாற்றில் இப்படியும் நேர்கிறது.

1798இல் அவர் நிலத்தை விட்டு இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள பல்மத் துறைமுகத்துக்குப் போனார். கடற்படைக் கப்பல்களுக்கு உணவுப்பொருள் வழங்கும் முகவர் வேலை. சில ஆண்டுகளுக்குப் பின் பிரிஸ்டல் நகரில் குடியேறினார். பிழைப்புக்கு வேலை ஒன்று. மனம் நாடியது வேறொன்று. 1798 முதல் 1814 வரை கிடைத்த நேரத்தில் எல்லாம் நாட்டின் சாலைகளில் பயணம் செய்தார். அவர் கடந்த தொலைவு ஏறக்குறைய 30,000 மைல். அதாவது 48,000 கிலோமீட்டர். செலவு 5,000 பவுண்டுக்கு மேல். அது முழுவதும் அவருடைய சொந்தப் பணம். யாரும் அவரை அனுப்பவில்லை. யாரும் அவரிடம் அறிக்கை கேட்கவும் இல்லை. எந்தக் கல் எங்கே கிடைக்கிறது, எந்தச் சாலை எத்தனை குளிர்காலம் தாங்கியது, பழுதுபார்க்க எவ்வளவு செலவானது என்று பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டார். அவர் பொறியியல் படித்தவர் அல்லர். ஒரு வணிகர் கணக்குப் பார்ப்பது போலத்தான் சாலையையும் பார்த்தார்.

இவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு அவர் வந்தடைந்த முடிவு மிகவும் எளியது. வண்டியின் பாரத்தை உண்மையில் தாங்குவது கல் அன்று. அடியில் உள்ள மண். மண் உலர்ந்திருக்கும்வரை எவ்வளவு பாரத்தையும் தாங்கும். நனைந்தால் தாங்காது. எனவே மேலே போடும் கற்படலம் கூரையைப் போன்றது. மழைநீர் மண்ணைத் தொடாமல் காப்பதே அதன் முதல் வேலை.

இதிலிருந்து மற்ற யாவும் பிறந்தன. சாலை சுற்றுப்புற நிலத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். இருபுறமும் கால்வாய் வெட்டி, அதன் நீர்மட்டம் சாலையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும்படி செய்ய வேண்டும். சாலையின் நடுப்பகுதி சற்றே மேடாக இருக்க வேண்டும், அதிகமாக வேண்டியதில்லை. 30 அடி அகலச் சாலைக்கு நடுவில் 3 அங்குல உயரம் போதும் என்றார். முன்பு சிலர் ஆமை ஓடுபோல் சாலையை வளைத்துக் கட்டினர். அதில் செல்லும் வண்டி சாய்ந்துவிடும் என்று அஞ்சி ஓட்டுநர்கள் யாவரும் நடுவிலேயே ஓட்டினார்கள். நடுவே தடம் விழுந்து, அதில் நீர் தேங்கியது.

பிறகு கல். பெரிய கல் கூடாது. உருண்டைக் கல்லும் கூடாது. கற்களை உடைத்துக் கூரிய முனைகள் கொண்ட சிறு துண்டுகளாக்க வேண்டும். எந்தத் துண்டும் 6 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 170 கிராம் எடைக்கு மேற்படலாகாது. அவற்றை மண்வெட்டியால் அள்ளிச் சிறிது சிறிதாகப் பரப்ப வேண்டும். மொத்தப் படலம் 10 அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர் அளவு இருந்தால் போதும். நடுவில் மண்ணோ களியோ சுண்ணமோ சேர்க்கலாகாது. அவை நீரை உறிஞ்சும். உறைபனிக்கு இடம் கொடுக்கும். அப்படியானால் கற்களை இணைப்பது எது? வண்டிகள்தாம். இரும்புப் பட்டையிட்ட சக்கரங்கள் ஓட ஓட, கூரிய முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகிவிடும். உடைந்த துகள்கள் இடைவெளிகளை அடைக்கும். எந்த வண்டி சாலையைக் கெடுக்கிறது என்று சட்டம் சொன்னதோ, அதே வண்டி அவருடைய சாலையைக் கட்டி முடித்தது.

மேற்பார்வையாளர்கள் சிறு தராசு ஒன்றை எடுத்துச் சென்று கற்களை நிறுத்துப் பார்த்தனர். தராசு இல்லாத கூலியாள், கல் தன் வாய்க்குள் நுழைகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லப்பட்டது. ஓரிடத்தில் கற்கள் எல்லாம் பெரிதாகவே இருக்கக் கண்ட மேற்பார்வையாளர், கல் உடைத்தவரை வாயைத் திறக்கச் சொன்னாராம். அவருக்கு ஒரு பல்கூட இல்லையாம்! சாலைத் தொழிலாளர்கள் தமக்குள் சொல்லிச் சிரித்த கதையாக இருக்கலாம்.

கல் உடைக்கும் வேலை சிரிப்புக்குரியது அன்று. முன்பு ஆண்கள் நின்றுகொண்டு கனத்த சம்மட்டியால் கல்லை உடைத்தனர். மெக்காடம் சிறு சுத்தியலைக் கொடுத்து உட்கார்ந்தபடி உடைக்கச் செய்தார். இதனால் முதியவர்களும் பெண்களும் சிறுவர்களும் கூட அவ்வேலையைச் செய்ய முடிந்தது. ஏழைக் குடும்பங்களுக்குக் கூலி கிடைக்கிறது என்று அதை அவர் நன்மையாகவே கருதினார். குளிரில் சாலையோரம் நாள் முழுதும் அமர்ந்து கல்லுடைத்த ஒரு சிறுவன் அதை எப்படிக் கருதினான் என்பது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

1816இல் மெக்காடம் பிரிஸ்டல் வட்டாரச் சுங்கச்சாலைகளின் மேற்பார்வையாளரானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. பெரும்பாலோர் ஓய்வைப் பற்றி எண்ணும் வயதில் அவருடைய உண்மையான பணி தொடங்கியது. அவர் புதுக் கல்லுக்குப் பணம் கேட்கவில்லை. பழைய சாலையிலேயே தேவைக்குமேல் கல் புதைந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுத்து, மண் நீக்கி, உடைத்து, மீண்டும் பரப்பினார். செலவு குறைந்தது, சாலை குளிர்காலத்தைத் தாங்கியது. அதே ஆண்டில் தம் முறையை விளக்கி நூல் எழுதினார். 1819இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். பல வட்டாரங்களிலிருந்து அழைப்பு வந்தது. மகன்களும் இதே தொழிலில் இறங்கினர்.

எதிர்ப்பும் இருந்தது. அக்காலத்தின் பெரும் பொறியாளரான தாமஸ் டெல்போர்டும் ஸ்காட்லாந்துக்காரரே; மெக்காடத்தைவிட ஒரு வயது இளையவர். பெரிய கற்களைக் கையால் நெருக்கமாக அடுக்கி அடித்தளம் அமைத்து, அதன்மேல் சிறு கற்களைப் பரப்புவது அவர் முறை. உறுதியானது, ஆனால் செலவு மிகுந்தது. அடித்தளமே தேவையில்லை என்று மெக்காடம் வாதிட்டார். சதுப்பு நிலத்தின் மீதும் தம் சாலை நிற்கும் என்றார். இதில் அவர் சற்று மிகைப்படுத்தினார் என்றே சொல்ல வேண்டும். கனத்த போக்குவரத்து உள்ள இடங்களில் அடித்தளம் தேவை என்பதைப் பிற்காலப் பொறியாளர்கள் ஏற்றனர். ஆயினும் நீரை வெளியேற்றுவதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

1823இல் நாடாளுமன்றக் குழு ஒன்று அவருடைய முறையை ஆராய்ந்தது. அவர் செலவிட்ட சொந்தப் பணத்தைக் கருதி நாடாளுமன்றம் அவருக்கு உதவித்தொகையும் வழங்கியது. இலண்டனின் சில தெருக்களில் பாவுகற்கள் பெயர்க்கப்பட்டு, அங்கும் உடைத்த கல் பரப்பப்பட்டது. 1827இல் இலண்டன் மாநகர்ச் சாலைகளின் தலைமை மேற்பார்வையாளராக அவர் அமர்த்தப்பட்டார். கடலுக்கு அப்பாலும் அவர் முறை பரவியது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1823இல் இம்முறையில் சாலை போடப்பட்டது. 1750களில் இலண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் குதிரை வண்டியில் போகப் பத்து நாள்கள் ஆயின. 1830களில் இரண்டு நாள்களுக்குள் போக முடிந்தது. நல்ல குதிரைகளும் நல்ல வண்டிகளும் இதற்குத் துணைபுரிந்தன. ஆனால் சாலை இல்லாமல் அவை என்ன செய்திருக்க முடியும்?

அரசு அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் வழங்க முன்வந்தது. வயதாகிவிட்டது என்று அவர் ஏற்கவில்லை. 1834இல் அப்பட்டம் அவருடைய மகன் ஜேம்சுக்கு அளிக்கப்பட்டது. முதுமையிலும் அவர் ஆண்டுதோறும் ஸ்காட்லாந்துக்குச் சென்று வருவார். 1836ஆம் ஆண்டு அத்தகைய ஒரு பயணத்தின்போது மோபட் என்னும் ஊரில் நவம்பர் 26ஆம் நாள் காலமானார். அவருக்கு வயது எண்பது. சாலைகளில் வாழ்ந்தவர் ஒரு சாலைப் பயணத்திலேயே மறைந்தார். அதற்குள் இரயில் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. நெடுந்தொலைவுச் சாலைகளில் கூட்டம் மெல்லக் குறைந்தது.

மெக்காடத்தின் சாலைக்கு மீண்டும் வேலை வந்தது மோட்டார் வண்டியால். ஆனால் மோட்டார் வண்டியே அதற்குப் பகையாகவும் ஆனது. இரும்புச் சக்கரம் கல்லை அழுத்தி இறுக்கியது. வேகமாக ஓடும் காற்றடைத்த ரப்பர் டயரோ, கற்களுக்கிடையே இருந்த நுண்துகளை இழுத்துப் புழுதியாகப் பறக்கவிட்டது. துகள் போனதும் கற்கள் தளர்ந்தன. அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் அமைந்த முதல் ரப்பர் தோட்டம் அது. பிறகு மலாயா முழுவதும் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர்கள் விடியுமுன் எழுந்து பால்வெட்டினார்கள். அவர்கள் சேர்த்த ரப்பர் பாலின் பெரும்பகுதி உலகெங்கும் ஓடும் டயர்களாகியது.

கற்களைப் பிடித்து நிறுத்தும் பசை ஒன்று தேவைப்பட்டது. 1901இல் எட்கர் பர்னெல் ஹூலி என்ற மேற்பார்வையாளர் இங்கிலாந்தில் டெர்பிஷயர் பகுதியில் ஓர் இரும்பாலைக்கு அருகில் சென்றுகொண்டிருந்தார். சாலையில் ஓரிடம் மட்டும் புழுதியில்லாமல் வழவழப்பாக இருந்தது. விசாரித்தபோது, அங்கே தார்ப் பீப்பாய் ஒன்று விழுந்து உடைந்தது என்றும், கொட்டிய தாரை மறைக்க ஆலையின் கசடைத் தூவினார்கள் என்றும் தெரிந்தது. அவர் அதையே முறையாகச் செய்து பார்த்து, மறு ஆண்டு காப்புரிமை பெற்றார். தாரையும் மெக்காடத்தின் பெயரையும் இணைத்து அதற்குத் தார்மெக் என்று பெயர் வந்தது. மியூர்கெர்க்கில் நொடித்துப்போன தாரும், பிரிஸ்டலில் வென்ற கல்லும் இப்படி ஒரு நூற்றாண்டு கழித்து ஒரே சொல்லில் சேர்ந்தன.

இன்று நாம் தார் என்று சொல்வது பெரும்பாலும் நிலக்கரித் தார் அன்று. கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பிட்டுமென். அதைச் சூடாக்கி ஜல்லியுடன் கலந்தால் அஸ்பால்ட் கிடைக்கிறது. குளிர்நாடுகளில் வீட்டு வாசலிலிருந்து தெருவரை செல்லும் வாகனப் பாதையைக்கூட இதைக் கொண்டே அமைக்கிறார்கள். தமிழர்கள் பலர் வாழும் கனடாவின் டொரண்டோவில் இத்தகைய பாதைகள் எங்கும் உண்டு. அங்கு இவ்வேலை இளவேனில் முதல் இலையுதிர்காலம் வரைதான் நடக்கும். ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் சூட்டில் வரும் கலவை, குளிர்காற்றில் உருளை இயந்திரம் அழுத்துமுன்பே ஆறிவிட்டால் இறுகாது. தொழில் தெரிந்தவர்கள் முதலில் களிமண்ணைத் தோண்டி எடுத்து, நீர் வடியும் ஜல்லியை நிரப்பி அழுத்துவார்கள். வீட்டை விட்டு விலகி நீர் ஓடும்படி சரிவு விடுவார்கள். குளிர்காலம் வருமுன் விரிசல்களை அடைத்துவிடச் சொல்வார்கள். கருவிகள் மாறிவிட்டன, மெக்காடம் அஞ்சிய நீரும் உறைபனியும் மாறவில்லை.

ரெம்பியாவில் உறைபனி இல்லை. ஆனால் மழைக்குக் குறைவில்லை. விரிசல் வழியே இறங்கும் நீர் அடிமண்ணைக் குழைக்கிறது. மேலே லாரி ஏறும்போது தார்ப்படலம் உடைகிறது. மலாயாவின் சாலைகளிலும் இரயில் பாதைகளிலும் கல் சுமந்தவர்களிலும் மண் வெட்டியவர்களிலும் தமிழர்கள் ஏராளம். பொதுப்பணி இலாகாவின் சாலைத் தொழிலாளர்களாக இருந்தவர்களின் வேலையில் புல் வெட்டுவதும் கால்வாயைத் தூர்வாருவதும் அடங்கும். மெக்காடம் எழுதிய நூலை அவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. அடைபட்ட கால்வாயை மழைக்கு முன் திறந்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஸ்காட்லாந்தின் மியூர்கெர்க்கில், மெக்காடத்தின் தார்ச் சூளைகள் இருந்த இடத்தில் இன்று கற்களைக் குவித்து எழுப்பிய நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது.